கூட்டத்துக்கு விதி எழுத முடியுமா? - ஆஸ்திரேலிய ஃபுட்டியும் நிறவெறியும்

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் டிசம்பர் 26-ம் தேதி ஆரம்பிக்கும் பாக்ஸிங் டே டெஸ்ட்தான் ஞாபகம் வரும். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். அவர்களுக்கு அது ‘ஃபுட்டி’ மைதானம். கிரிக்கெட் எல்லாம் கோடையில் பொழுது போகாமல் ஆடுவது! ஃபுட்டி என்பது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம். கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், எதிராளியை இழுத்துத் தள்ளலாம். விக்டோரியா மாநில லீக்காக ஆரம்பித்த லீக் 1990-ல் ஏ.எஃப்.எல். என்று பெயர் மாற்றிக்கொண்டு தேசிய லீக் ஆனது.

இந்த லீக் 1995-ல் ஒரு காரியம் செய்தது. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் நிறத்தையோ இனத்தையோ மதத்தையோ சொல்லித் திட்டக் கூடாது என்று தனியாக ஒரு விதி எழுதியது. ஆஸ்திரேலிய விளையாட்டு அமைப்புகளில் இப்படிச் செய்த முதல் அமைப்பு இதுதான். நிறவெறிக்கு எதிராக லீக் ஒரு நிலை எடுத்தாயிற்று, விதியும் வந்தாயிற்று. சரி, மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் ஐம்பதாயிரம் பேர் அதற்கு என்ன சொன்னார்கள்? அதுதான் இந்தக் கதை. சொல்ல வேண்டிய பதில் வருவதற்கு இருபது வருடம் ஆனது.

ஆரம்பம் 1993 ஏப்ரல் 17. இடம் மெல்போர்னில் உள்ள விக்டோரியா பார்க். காலிங்வுட் கிளப்பின் சொந்த மைதானம். காலிங்வுட் என்பது உழைக்கும் மக்களின் கிளப், பெரிய ரசிகர் படை, வாய் கொஞ்சம் நீளம். எதிர் அணி செயின்ட் கில்டா. அதில் நிக்கி விண்மார், கில்பர்ட் மெக்ஆடம் என்று இரண்டு பூர்வகுடி ஆட்டக்காரர்கள். விண்மார் மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கர் இனத்தவர். அன்று முழுக்க இந்த இரண்டு பேரையும் பார்த்துக் கூட்டம் கத்திய வார்த்தைகளை இங்கே எழுத வேண்டியதில்லை. எச்சில் துப்பியவர்களும் உண்டு. இரண்டு பேரும் பிரமாதமாக ஆடினார்கள். செயின்ட் கில்டா ஜெயித்தது.

ஆட்டம் முடிந்ததும் விண்மார் காலிங்வுட் ரசிகர்கள் இருந்த பக்கம் திரும்பி, ஜெர்ஸியை மேலே தூக்கி, தன் வயிற்றுத் தோலை விரலால் சுட்டிக் காட்டினார். ‘நான் கறுப்பன், அதில் எனக்குப் பெருமை’ என்று சொன்னார். பக்கத்தில் இருந்த இரண்டு பத்திரிகைப் போட்டோகிராபர்கள் அதைப் பிடித்துவிட்டார்கள். ஆஸ்திரேலிய விளையாட்டு வரலாற்றிலேயே அதிகம் பேசப்பட்ட படங்களில் அது ஒன்று.

மறுநாள் ஒரு பத்திரிகை கறுப்பு நிறத்தைப் பற்றித் தலைப்பு போட்டது. இன்னொன்று ‘எனக்குத் தில் இருக்கு’ என்கிற பொருளில் தலைப்பு போட்டது. வயிற்றைத்தானே காட்டினார், தோலை அல்லவே என்று வாதம்! கண் முன்னால் ஒருவன் தோலைத் தொட்டுக் காட்டினாலும், அதை வேறு எதுவாகவாவது படித்துவிடும் ஆசை கூட்டத்துக்கு எப்போதும் இருக்கிறது. 2020-ல் கூட மூன்று மூத்த ஃபுட்டி பிரமுகர்கள் ஒரு பாட்காஸ்டில் இதே சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு, பிறகு விண்மாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அதைவிடப் பெரிய கூத்து காலிங்வுட் தலைவர் ஆலன் மெக்அலிஸ்டர் டிவியில் சொன்னது. களத்துக்கு வெளியே வெள்ளைக்காரர்களைப் போல நடந்துகொள்ளும் வரை பூர்வகுடியினரை எல்லோரும் மதிப்பார்கள் என்றார். சமாதானம் செய்ய வந்தவர் வாயிலிருந்து வந்தது இது! எதிர்ப்பு கிளம்பியது, மன்னிப்புக் கேட்டார்.

இந்த வருடங்களில் நாடே இந்த விஷயத்தில் கொதித்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1992 ஜூனில் மாபோ வழக்கின் தீர்ப்பு வந்தது. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் அந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பழைய கதையை உயர் நீதிமன்றம் தூக்கிப் போட்டது. அதே டிசம்பரில் பிரதமர் பால் கீட்டிங் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பேசும்போது, நிலத்தைப் பறித்ததும் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்ததும் நாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டார். விண்மார் ஜெர்ஸியைத் தூக்கியது அதற்கு நான்கு மாதம் கழித்து.

ஆனால் விதி வந்தது விண்மாரால் அல்ல. அவரைத் திட்டியது கூட்டம். கூட்டத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. விதி வந்தது மைக்கேல் லாங் என்பவரால்.

1995 ஏப்ரல் 25, ஆன்சாக் தினம். ஆஸ்திரேலியாவில் போர் வீரர்களை நினைவுகூரும் நாள். அன்று எம்.சி.ஜி.யில் எஸன்டனுக்கும் காலிங்வுட்டுக்கும் ஆட்டம். 94 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம், ஆட்டம் டிரா. எஸன்டனின் லாங் ஒரு பூர்வகுடி ஆட்டக்காரர். அவருடைய அப்பா, அம்மா இரண்டு பேருமே சிறு வயதில் குடும்பத்திலிருந்து அரசாங்கத்தால் பிரிக்கப்பட்டவர்கள். ஆட்டத்தின் நடுவே காலிங்வுட்டின் டேமியன் மங்க்ஹர்ஸ்ட் அவரை நிறத்தைச் சொல்லித் திட்டினார்.

அதுவரை இருந்த எழுதப்படாத சட்டம் இதுதான்: களத்தில் பேசியது களத்தோடு போச்சு. எதிராளியின் மனதைக் குலைப்பது ஆட்டத்தின் ஒரு பகுதி. அம்மாவைத் திட்டலாம், மனைவியைத் திட்டலாம், தோலைத் திட்டக் கூடாதா என்ன? ஜெயிக்க உதவும் என்றால் வாரா வாரம் அப்படித் திட்டுவேன் என்று ஒரு பிரபல ஆட்டக்காரர் சில வருடங்களுக்கு முன் பேட்டியே கொடுத்திருந்தார்.

லாங் களத்தோடு விடவில்லை. லீக்கிடம் புகார் செய்தார். லீக் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பஞ்சாயத்து பேசியது. பிறகு தலைமை நிர்வாகி ராஸ் ஓக்லி இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விஷயம் சுமுகமாக முடிந்தது என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். லாங்கின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு எதுவும் முடியவில்லை என்று தெரிந்தது. மங்க்ஹர்ஸ்டுக்குத் தண்டனை எதுவும் இல்லை. லாங் விடாமல் பேசினார். மற்ற பூர்வகுடி ஆட்டக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதே வருடம் ஜூன் 30-ம் தேதி விதி எண் 30 வந்தது. முதலில் ரகசியமாகச் சமரசப் பேச்சு, அதில் முடியாவிட்டால் விசாரணை, ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் வகுப்பு என்று ஏற்பாடு.

விதிக்கு வரவேற்பு இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது. ஆம்பிளைகள் ஆடும் ஆட்டத்தில் இதெல்லாம் எதற்கு என்றார்கள். இருந்தாலும் பலன் தெரிந்தது. களத்துக்குள் இந்த வசை பெருமளவு குறைந்துபோனது. 1999-ல் மெல்போர்ன் அணியின் ஸ்காட் சிஷோமைத் திட்டிய பீட்டர் எவரிட், தனக்குத் தானே நான்கு ஆட்டம் தடை போட்டுக்கொண்டார். 2005-லிருந்து எஸன்டனும் ரிச்மண்டும் ஆடும் ‘டிரீம்டைம்’ ஆட்டம் வந்தது. 2007-லிருந்து வருடா வருடம் பூர்வகுடிச் சுற்று என்று ஒரு வாரம் முழுக்கக் கொண்டாட்டம். பூர்வகுடி ஓவியங்கள் வரைந்த ஜெர்ஸி, ஆட்டத்துக்கு முன் நடனம்... மொத்த மக்கள்தொகையில் 3 சதவீதம் உள்ள பூர்வகுடியினர் ஏ.எஃப்.எல்.லில் சுமார் 10 சதவீதம் இருந்தார்கள். ரசிகர்கள் கை தட்டினார்கள். இதில் அவர்களுக்குச் செலவு எதுவும் இல்லையே!

செலவு 2013-ல் வந்தது.

ஆடம் குட்ஸ் சிட்னி ஸ்வான்ஸ் ஆட்டக்காரர். 1980-ல் பிறந்தவர். அவருடைய அம்மாவும் ஐந்து வயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பிரௌன்லோ மெடலை 2003, 2006 என்று இரண்டு முறை வாங்கியவர். 2005, 2012 இரண்டு வருடமும் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். சுருக்கமாகச் சொன்னால், லீக் போஸ்டர் அடிக்க எடுக்கும் முகம்.

2013 மே 24 வெள்ளிக்கிழமை இரவு, எம்.சி.ஜி. பூர்வகுடிச் சுற்றின் முதல் ஆட்டம், எதிரணி மறுபடியும் காலிங்வுட். விண்மார் ஜெர்ஸியைத் தூக்கி 20 வருடம் ஆனதை அந்தச் சுற்று முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடியும் நேரத்தில் எல்லைக்கோட்டுப் பக்கம் போன குட்ஸ் காதில் ‘குரங்கு’ என்று விழுந்தது. திரும்பிப் பார்த்து, கத்தியவரை விரலால் சுட்டிக் காட்டினார். காவலர்கள் வந்து அழைத்துப் போனார்கள். கத்தியது 13 வயதுப் பெண்.

(குரங்கு என்று கத்துவது ஆஸ்திரேலியக் கூட்டத்துக்கு மட்டும் உரிய கெட்ட பழக்கம் அல்ல. 2007 அக்டோபரில் ஆண்ட்ரூ சைமண்ட்ஸைப் பார்த்து வதோதராவிலும் மும்பையிலும் நம் ரசிகர்கள் என்ன சத்தம் போட்டார்கள் என்பது கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு மறந்திருக்காது.)

அன்றைய ஆட்டத்தில் பிரமாதமாக ஆடியவர் குட்ஸ். அணி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தும் அவர் கொண்டாட்டத்தில் நிற்காமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் பேசியதைக் கேட்டால் அவர் மேல் யாருக்கும் கோபம் வர நியாயம் இல்லை. மனம் உடைந்துவிட்டது என்றார். ஆனால் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள், அவள் குழந்தை, அவள் வளர்ந்த சூழல் அப்படி, அவளுக்கு ஆதரவு கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணும் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். காலிங்வுட் தலைவர் எடி மெக்குவயர் அன்றிரவே எதிரணியின் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். 1993-க்கும் 2013-க்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நாடே பாராட்டியது.

பாராட்டு ஐந்து நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் காலை அதே மெக்குவயர் ஒரு ரேடியோ நிகழ்ச்சியில், மெல்போர்னில் நடக்கவிருந்த ‘கிங் காங்’ நாடகத்துக்கு விளம்பரம் செய்யக் குட்ஸைக் கூப்பிடலாமே என்றார். வாய் தவறிவிட்டது என்று மறுபடி மன்னிப்பு. பதவி போகவில்லை.

இதற்கிடையில் கூட்டத்தின் அனுதாபம் மெதுவாகத் திசை மாறியது. ஒரு சின்னப் பெண்ணை உலகத்துக்கு முன் அவமானப்படுத்திவிட்டார் என்று பேச ஆரம்பித்தார்கள். ஆதரவு கொடுங்கள் என்று அவர் சொன்னது மறந்துபோய், விரல் நீட்டியது மட்டும் மிஞ்சியது. 2014 ஜனவரியில் அவருக்கு ‘அந்த ஆண்டின் ஆஸ்திரேலியர்’ விருது கிடைத்தது. விருதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு உட்காரும் ஆள் அல்ல அவர். பூர்வகுடிகளுக்கு நடந்ததைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார். ஜான் பில்ஜரின் ‘உடோபியா’ ஆவணப்படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அந்த வருடம்தான் ஊளைச் சத்தம் ஆரம்பித்தது. பந்து அவர் கைக்கு வந்தால் ‘ஊ...’ என்று எதிரணி ரசிகர்கள் கத்துவார்கள். 2015-ல் அது எல்லா ஊர் மைதானங்களுக்கும் பரவியது.

2015 மே 29, மறுபடியும் பூர்வகுடிச் சுற்று, சிட்னி மைதானத்தில் கார்ல்டன் அணியோடு ஆட்டம். ஒரு கோல் போட்டதும் குட்ஸ் கார்ல்டன் ரசிகர்கள் பக்கம் திரும்பி ஒரு போர் நடனம் ஆடினார். ஈட்டி எறிவது போல ஒரு அசைவோடு முடித்தார். 16 வயதுக்கு உட்பட்ட பூர்வகுடிப் பையன்கள் அணியிடம் கற்றுக்கொண்ட நடனம் அது. அவ்வளவுதான், டிவியிலும் ரேடியோவிலும் ஒரே அமளி. கூட்டத்தை மிரட்டுகிறார் என்றார்கள். நியூசிலாந்து ரக்பி அணி ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் நாக்கை நீட்டி ஹாக்கா ஆடுகிறது, அதை எல்லோரும் ரசித்துப் பார்க்கிறார்கள். பூர்வகுடிச் சுற்றில் பூர்வகுடி நடனம் ஆட்டத்துக்கு முன் நிகழ்ச்சியில் இருந்தால் பண்பாடு, கோலுக்குப் பின் ஒருவராக ஆடினால் வன்முறை!

ஊளையிட்டவர்கள் சொன்ன காரணங்களையும் பார்க்க வேண்டும். எல்லோரையும் நிறவெறியர்கள் என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் கதை எளிதாகிவிடும், ஆனால் புரியாது. ஃப்ரீ கிக் வாங்க அவர் விழுந்து நடிக்கிறார், அதனால்தான் கத்துகிறோம் என்றார்கள் சிலர். டிக்கெட் வாங்கியவனுக்குப் பிடிக்காத ஆளைக் கத்த உரிமை இல்லையா என்றார்கள் சிலர். ரேடியோ புகழ் ஆலன் ஜோன்ஸ் போன்றவர்கள், லீக்கில் இத்தனை பூர்வகுடி ஆட்டக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களை யாரும் கத்தவில்லையே, ஆகவே இது நிறம் பற்றியது அல்ல, இந்த மனிதரைப் பற்றியது என்றார்கள். ஸ்வான்ஸ் அணியிலேயே லான்ஸ் ஃப்ராங்க்ளின் என்கிற பூர்வகுடி நட்சத்திரம் இருந்தார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விழுந்து ஃப்ரீ கிக் வாங்கும் மற்றவர்களுக்கு இரண்டு வருடம் ஊர் ஊராக ஊளை கிடைக்கவில்லை. மற்ற பூர்வகுடி ஆட்டக்காரர்களுக்கும் குட்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினால் கிடைப்பது ஒன்றுதான். இவர் விரல் நீட்டினார், பேசினார், பேசுவதை நிறுத்தவில்லை. பத்திரிகையாளர் வலீத் அலி அப்போது டிவியில் சொன்னதன் சாரம் இது: ஆஸ்திரேலியா பொதுவாகச் சகிப்புத்தன்மை உள்ள நாடுதான், சிறுபான்மையினர் தங்கள் இடத்தை மறக்காத வரை. 1993-ல் மெக்அலிஸ்டர் உளறியதும் இதுவேதான், அவர் அதை நிபந்தனையாகச் சொன்னார், அலி அதைக் குற்றச்சாட்டாகச் சொன்னார்.

இந்த நேரத்தில் லீக் என்ன செய்தது? அங்கேதான் சிக்கல். 1995 விதி தெளிவான விதி. இன்ன வார்த்தை, சொன்னவர் யார், கேட்டவர் யார் என்று பிடித்துவிடலாம். ஒரு ரசிகன் வாயைத் திறந்து குரங்கு என்றாலும் பிடித்து வெளியே அனுப்பலாம். ஆனால் ‘ஊ...’ என்பது வார்த்தையே இல்லை. அதில் எந்த நிறமும் இல்லை. நாற்பதாயிரம் பேர் சேர்ந்து எழுப்பும் சத்தத்தில் யார் எதற்காகக் கத்தினான் என்று எந்தக் குழு விசாரிக்கும்? தலைமை நிர்வாகி கில்லன் மெக்லாக்லன் வாரக் கணக்கில் ஜாக்கிரதையாகவே பேசிக்கொண்டிருந்தார். நிறவெறி என்ற வார்த்தையைச் சொன்னால் சொந்த ரசிகர்களையே குற்றம் சொன்னதாகிவிடும். டிக்கெட் வாங்குபவர்களும் அவர்கள்தானே.

2015 ஜூலை 26, பெர்த் நகரின் சுபியாகோ மைதானம், வெஸ்ட் கோஸ்ட் அணியோடு ஆட்டம். அன்று ஊளை உச்சத்துக்குப் போனது. குட்ஸின் சக ஆட்டக்காரர் லூயிஸ் ஜெட்டா ஒரு கோல் போட்டுவிட்டு, வெஸ்ட் கோஸ்ட் ரசிகர்களைப் பார்த்துத் தானும் போர் நடனம் ஆடினார். (அந்த வருடக் கடைசியில் ஜெட்டா வெஸ்ட் கோஸ்ட் அணிக்கே மாறினார், 2018-ல் அவர்களோடு கோப்பையும் ஜெயித்தார். அதே ரசிகர்கள் அவருக்குக் கை தட்டினார்கள்!) குட்ஸ் விடுப்பு கேட்டார். 35 வயதில், இரண்டு பிரௌன்லோ வாங்கிய ஆள், மைதானத்துக்குப் போக மனம் இல்லை என்று வீட்டில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இந்த ஊளையை நிறத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்று மெக்லாக்லன் கடைசியில் சொன்னார். 18 அணிகளின் கேப்டன்களும் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். ஆகஸ்ட் 1-ம் தேதி சிட்னியில் அடிலெய்டு அணியோடு நடந்த ஆட்டத்தில் குட்ஸ் இல்லை. மூன்றாவது கால்பகுதி, ஏழாவது நிமிடம் வந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. மூன்று, ஏழு. அவருடைய ஜெர்ஸி எண் 37. எதிரணி ரசிகர்களும் தட்டினார்கள். மற்ற ஊர்களில் சில அணிகள் பூர்வகுடி ஜெர்ஸியை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டன, கையில் 37 என்று பட்டை கட்டிக்கொண்டன. அடுத்த வாரம் கீலாங் ஊரில் அவர் திரும்பி வந்தபோது எதிரணி மைதானத்திலேயே கை தட்டல் கிடைத்தது.

இதை ரசிகர்கள் திருந்திய கதையாக முடித்துவிடலாம், பலர் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் குட்ஸ் செப்டம்பரில் ஓய்வு அறிவித்தார். மொத்தம் 372 ஆட்டம். ஓய்வு பெறும் ஆட்டக்காரர்கள் இறுதிப் போட்டி நாளில் மைதானத்தைச் சுற்றி வந்து விடைபெறுவது வழக்கம். அவர் போகவில்லை. 2016-ல், நடவடிக்கை எடுக்கத் தாமதம் செய்துவிட்டேன் என்று மெக்லாக்லன் மன்னிப்புக் கேட்டார். 2019-ல் ‘தி ஃபைனல் குவார்ட்டர்’ என்ற ஆவணப்படம் வந்தது. புதிய பேட்டி ஒன்றுகூட இல்லை, அந்த மூன்று வருட டிவி, ரேடியோ, பத்திரிகைத் துண்டுகளை மட்டும் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். பேசியவர்கள் பேசியது அப்படியே இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. படம் வந்த சமயத்தில் லீக்கும் 18 கிளப்புகளும் நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்டன. நடந்தது நிறவெறிதான், அப்போதே சொல்லத் தவறிவிட்டோம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். 2021-ல் லீக் அவரை ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் சேர்க்க விரும்பியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதே 2021 பிப்ரவரியில் காலிங்வுட் கிளப்பைப் பற்றிய ஒரு விசாரணை அறிக்கை வெளியே கசிந்தது. கிளப்பின் அமைப்புக்குள்ளேயே நிறவெறி இருக்கிறது என்றது அறிக்கை. மெக்குவயர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, கிளப்புக்கு இது பெருமையான நாள் என்றார்! இந்த முறை மன்னிப்பு போதவில்லை. எட்டு நாளில் பதவி விலகினார்.

விதிகள் இப்போது முன்னைப்போல மெதுவாக இல்லை. 2021 ஆகஸ்டில் அடிலெய்டு அணியின் டெய்லர் வாக்கர் நிறத்தைப் பற்றிப் பேசியதற்கு ஆறு ஆட்டம் தடை. கூட்டத்தில் ஒருவர் பிடிபட்டால் கிளப் உறுப்பினர் பதவியும் போகும். 2016-ல் எடி பெட்ஸ் மேல் வாழைப்பழம் எறிந்த ரசிகைக்கு அவருடைய கிளப்பே தடை போட்டது. விண்மாருக்கு 2019-ல் பெர்த் மைதானத்துக்கு வெளியே வெண்கலச் சிலை வைத்தார்கள், ஜெர்ஸியைத் தூக்கிய அதே நிலையில்.

2023 மார்ச் கடைசியில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணியின் ஜமாரா உகல்-ஹேகன் என்ற 20 வயதுப் பையனைக் கூட்டத்திலிருந்து நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். எதிரணி, விண்மார் ஆடிய அதே செயின்ட் கில்டா. அந்த வாரம் அவர் ஒரு நாள் பயிற்சிக்கும் வரவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு வருவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. மார்ச் 30-ம் தேதி பிரிஸ்பேனோடு நடந்த ஆட்டத்துக்கு வந்தார். முதல் கோலைப் போட்டதும் ஜெர்ஸியை மேலே தூக்கி, வயிற்றுத் தோலை விரலால் சுட்டிக் காட்டினார். அன்று மொத்தம் ஐந்து கோல் போட்டார். 1993-ல் இரண்டு போட்டோகிராபர்கள் தற்செயலாகப் பார்த்ததை இந்தத் தடவை எல்லா கேமராவும் பிடித்தது. அவர் எதைக் காட்டுகிறார் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை.